சின்னவனுக்குக் கை இல்லை

பிப்ரவரி 3

வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உன் கம்பெனியிலிருந்து அனுப்பிய பேசும் பெட்டி வந்து சேர்ந்தது. பெட்டி என்றதும் ஆளுயரத்துக்கு இருக்கும் என்று நினைத்து ஹாலில் மேசையை எல்லாம் நகர்த்தி இடுப்பை முறித்துக்கொண்டதுதான் மிச்சம். வந்தது உப்பு ஜாடி அளவுக்கு மூன்று டப்பா. ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, உன் அறையில் ஒன்று. உன் அறையில் இப்போது உன் அப்பா படுக்கிறார் என்று தெரியும்தானே.

பொருத்த வந்த பெண் நல்ல பெண். பொருத்தி முடித்ததும், "நீங்க ரெண்டு பேரும் ஏதாவது பேசிக்கோங்க, சோதிச்சுப் பாத்துடறேன்" என்றாள். பேசிக்கொள்வதாவது! உன் அப்பா அவளிடம், "இது கரண்ட் எவ்வளவு இழுக்கும்னு அவங்களைக் கேளுங்க" என்றார். நான் அவளிடம், "அவர் போட்டுக்கிட்டுத் தூங்கற ஃபேனை விடக் கம்மியாத்தான் இழுக்கும்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றேன். பாவம், அந்தப் பெண் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இத்தனை நாளும் நான் ஃபிரிட்ஜைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தேன். "சாப்பாடு வெச்சாச்சு" என்பேன். ஃபிரிட்ஜும் கேட்டுக்கொள்ளும், உன் அப்பாவும் கேட்டுக்கொள்வார். இப்போது ஃபிரிட்ஜுக்குப் பதில் இது. நேற்று, "அந்த மனுஷன்கிட்ட சொல்லு, ஈரத் துண்டை நாற்காலி மேல போட்டா நாற்காலி மக்கிப் போகும்னு" என்றேன். நான் சொன்னதை அப்படியே உன் அறையில் போய்ச் சொன்னது. துண்டு மட்டும் இன்னும் நாற்காலியில்தான் கிடக்கிறது.

இன்னொரு கூத்து கேள். உன் அப்பா அதைச் "சின்னவனே" என்று கூப்பிடுகிறார். பெற்ற பெண்ணை வழியனுப்ப வராத மனுஷனுக்கு டப்பாவோடு கொஞ்சல்.

ஆஸ்பத்திரி மருந்தகம் எப்போதும் போலத்தான். நேற்று ஒரு பெரியவர் கவுன்ட்டரில் ஒரே சண்டை. சீட்டில் எழுதியிருந்த கம்பெனி மாத்திரை தீர்ந்துவிட்டது. அதே மருந்தை வேறு கம்பெனியில் கொடுத்தேன். "எனக்கு வெள்ளை மாத்திரைதான், மஞ்சள் வேணாம்" என்று நின்றார். கவர் மேல் பெரிதாக எழுதி ஒட்டினேன்: மாற்றிக் கொடுத்திருக்கிறது, பேர் வேறு, மருந்து ஒன்றுதான். அதைப் படித்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.

மே மாதக் கடைசியில் எனக்கு ஓய்வு. அதற்குப் பிறகு இந்த வீட்டில் ஃபிரிட்ஜோடு பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் ஆகாது. உன் சித்தி மாடி அறையை எனக்காக ஒழித்து வைத்திருக்கிறாள். போய்விடுவேன். உனக்கு முதலில் சொல்கிறேன், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே இரண்டு முறை படித்தேன். ஃபிரிட்ஜ் கதையைப் படித்துச் சிரித்ததில் பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். கடைசிப் பத்தி வந்ததும் சிரிப்பு போய்விட்டது. மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்று எழுதிவிட்டால் குழம்பாமல் இருந்துவிடுவேனா?

போனில் கூப்பிட முடியாததற்குக் கோபித்துக்கொள்ளாதே அம்மா. சோதனைக்கு எடுத்துக்கொண்ட வீடுகளோடு நாங்கள் பேசக் கூடாது என்று இங்கே கண்டிப்பு. என் குரலும் நடுவில் வந்தால் பெட்டி எதை யாரிடம் கற்றது என்று தெரியாமல் போகுமாம். தபாலுக்கு மட்டும் தடை இல்லை. பெட்டிக்கு என் கையெழுத்து புரியாது என்று நம்புகிறார்கள். உனக்கே புரியாதே.

என் வேலை என்ன என்று முன்பு ஒரு கடிதத்தில் கேட்டிருந்தாய். நாளைக்கு வீட்டுக்கு வீடு இந்த மாதிரி ஒன்று வரப்போகிறது அம்மா. இப்போது இருப்பவை அதற்கு முந்தியவை, நடை பழகுகிறவை. ஒரு வேலையை முடித்துவிட்டோம் என்பது பெட்டிக்கு எப்படித் தெரியும்? அதை எழுதுவதுதான் நான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று அது நினைக்கக் கூடாது. கேட்டவர் அதைச் செய்தாரா என்று பார்க்க வேண்டும். துண்டு நாற்காலியை விட்டு எழுந்தால்தான் அதற்கு மார்க். அப்படி எழுதியிருக்கிறேன்.

சித்தி வீட்டுக்குப் போவதை மே மாதம் வரைக்கும் முடிவு செய்யாமல் வை. எனக்காக. நான் கிளம்பிய அன்று தொடங்கிய மௌனம் இது. இரண்டு வருஷமாக நான்தான் அதற்குக் காரணம் என்று இங்கே சுமந்துகொண்டு திரிகிறேன்.

அவர் எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் சொல்லாதே.

அன்புடன்,
வாயாடி

*

மார்ச் 22

என் கண்ணுக்கு,

நல்ல செய்தி எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பழக்கம் விட்டுப் போய்விட்டது.

துண்டு கொடிக்குப் போய்விட்டது. அதுவே ஒரு செய்திதானே. கொஞ்ச நாளாக உன் அப்பா பேசுகிற தோரணையே மாறிவிட்டது. என்னிடம் நேரே இல்லை, பெட்டி வழியாகத்தான். ஆனால் என்ன பதமாகப் பேசுகிறார் தெரியுமா? முந்தாநாள் சமையலறையில் நிற்கிறேன், "உங்களுக்கு முட்டி வலின்னு தெரியும், குப்பையை நானே கீழே கொண்டுபோறேன்னு சொல்றார்" என்கிறது பெட்டி. எனக்கு முட்டி வலி என்று இந்த மனுஷனுக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. மூன்று மாடி இறங்கிப் போய்விட்டும் வந்தார்.

போன வாரம் காலையில் குடையை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். பெட்டி என் கைபேசியிலும் பேசுமே, சாயந்திரம் கூப்பிட்டது. "மழை வரும்போல இருக்கு, குடையோட பஸ் ஸ்டாப்புக்கு வரட்டுமான்னு கேக்கறார்" என்றது. வழக்கமான வீம்பில், வேண்டாம் என்றேன். கொஞ்சம் முள்ளாகவே சொன்னேன். அப்படியும் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே உன் அப்பா நிற்கிறார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் குடையை எடுத்துக்கொண்டு அப்படியே வந்திருக்கிறார், வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. ஒரு குடைதான் கொண்டுவந்திருந்தார். வீடு வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் விளக்கைப் போட்டபோதுதான் பார்த்தேன், அவருக்கு ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்திருந்தது. என் மேல் ஒரு சொட்டு இல்லை.

அன்று சமைக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

சித்தியிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. மாடி அறைக்குப் பெயின்ட் அடிக்க வேண்டாம், கொஞ்சம் பொறு என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நீ பெரிய கெட்டிக்காரிடி. நீ அனுப்பிய டப்பா என்னமோ செய்திருக்கிறது.

அவர் நன்றாக இருக்கிறார். நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.

ஆசையுடன்,
அம்மா

*

ஏப்ரல் 9

அம்மா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து இப்போது அனுப்புகிறேன். வேறு யாராவது வந்து உன்னிடம் சொல்வதற்கு முன் நான் சொல்லிவிட வேண்டும் என்று மேலிடத்தில் கெஞ்சி அனுமதி வாங்கினேன்.

பெட்டி நீங்கள் சொன்னதைச் சொல்லவில்லை அம்மா. மாற்றிச் சொல்லியிருக்கிறது.

போன வாரம் எல்லா வீடுகளின் பதிவுகளையும் சரிபார்த்தபோது நம் வீட்டுக்கு மட்டும் மார்க் எகிறிக் கிடந்தது. ஏன் என்று போய்ப் பார்த்தேன். முதலில் உன் சொல்லை அப்படியே அவரிடம் கொண்டுபோயிருக்கிறது. துண்டு எழவில்லை, மார்க் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக வார்த்தையை மாற்றிப் பார்த்திருக்கிறது. காரத்தை எடுத்தால் ஆள் எழுந்து வருகிறார் என்று கண்டுபிடித்துவிட்டது. அதற்கு அன்பும் தெரியாது, பொய்யும் தெரியாது. கேட்டவர் செய்தால்தான் மார்க் என்று எழுதியவள் நான். மற்ற வீடுகளில் மனிதர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள், பெட்டி சும்மா துணைக்கு இருக்கிறது. நடுவில் ஒருவரை நிறுத்திவைத்து மட்டுமே பேசுகிறவர்கள் நம் வீட்டில்தான் இருக்கிறீர்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதியதை இரண்டாம் முறை யோசிக்காமல் அதை உங்கள் நடுவில் கொண்டுவந்து வைத்தேன்.

குடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் தூக்கம் வராது. அப்பா சொன்னது இது: "குடையை விட்டுட்டுப் போயிருக்கா. நனைஞ்சு வந்து ராத்திரி பூரா தும்முவா. எந்த பஸ்ல வரான்னு கேளு." பெட்டி அதைத்தான் உன்னிடம் அப்படி மாற்றிக் கேட்டது. நீ சொன்னது: "ஒண்ணும் வேணாம், எனக்குக் கால் இருக்கு." நீ வழக்கமாக வருகிற நேரத்தை வைத்துப் பெட்டி அவரிடம் சொன்னது: "ஆறு மணி பஸ்ல வராங்க. நீங்க வந்தா நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

மே பத்தாம் தேதி, முதலில் வந்த அதே பெண் வந்து இதைச் சரிசெய்வாள். அதற்குப் பிறகு சொன்னது சொன்னபடி போகும். மற்ற பேச்சுகளிலும் உண்மையில் யார் என்ன சொன்னார்கள் என்று தெரிய வேண்டுமானால் எழுது, அனுப்புகிறேன். வேண்டாம் என்றாலும் சரி.

என்னைத் திட்டு. ஆனால் எழுது.

வாயாடி

*

ஏப்ரல் 20

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். சீட்டில் ஒன்று இருக்க, சொல்லாமல் வேறொன்றை ஒருவர் கையில் ஒரு நாள் கொடுத்ததில்லை. என் வீட்டுக்குள்ளேயே அது நடந்திருக்கிறது, நடத்தியது நான் பெற்ற பெண்.

பஸ் ஸ்டாப்பிலிருந்து வீடு வரைக்கும் என் பக்கத்தில் நடந்து வந்தது யார்? நான் சமையலறையில் நின்று அழுதேனே, அது யாருக்காக? இந்த வயதில் ஒரு டப்பாவிடம் மயங்கி நின்றேன் என்று நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஒன்றும் அனுப்ப வேண்டாம். ஒரு வார்த்தைகூட எனக்கு வேண்டாம்.

இப்போதெல்லாம் பெட்டியிடம் நான் எதையும் சொல்வதில்லை. ஃபிரிட்ஜிடமும் சொல்வதில்லை. உன் அப்பாவிடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பாட்டுக்குக் குப்பையைக் கீழே கொண்டுபோகிறார், சாப்பிடுகிறார், என் முகத்தை முகத்தைப் பார்க்கிறார். சித்தியிடம் பெயின்ட் அடிக்கச் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா

*

மே 2

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கோபக் கடிதத்துக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் இன்னும் பதில் இல்லை. இது மூன்றாவது.

இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத்தான் சொல்லத் தோன்றுகிறது. நம் வீட்டுக் கதையைக் கேட்டு மேலிடத்தில் எல்லோருக்கும் ஒரே குஷி. இதைத் தப்பு என்று ஏன் திருத்துகிறாய், எல்லா வீட்டுக்கும் இப்படியே கொடுத்துவிடலாமே, சண்டையே இருக்காதே என்கிறார்கள். சோதனை வீட்டில் மட்டும் திருத்து, விற்கப்போகிற பெட்டியில் இருக்கட்டும் என்று பேச்சு. கூடாது என்று எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கிறேன். ஏன் கூடாது என்று கேட்டால் எனக்கு அழுகைதான் வருகிறது, காரணம் வரவில்லை. நீ இருந்தால் ஒரு வரியில் சொல்லிவிடுவாய்.

சித்தி வீட்டுக்குப் போவதாக இருந்தால் போ அம்மா. நான் தடுக்கவில்லை. போவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போ. திட்டாக இருந்தாலும் பரவாயில்லை.

வாயாடி

*

மே 14

என் வாயாடிக் கண்ணுக்கு,

உன் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். தபால் செலவு மிச்சம்.

பத்தாம் தேதி அந்தப் பெண் வந்தாள். அன்று உன் அப்பாவும் வீட்டில் இருந்தார். என்னிடம் தனியாகச் சொல்வாள் என்று நினைத்தேன், அவள் கடமை தவறாதவள், இரண்டு பேரையும் ஹாலில் உட்கார வைத்து, இந்த மாதிரி வார்த்தையை மாற்றிச் சொல்லியிருக்கிறது, மன்னிக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லிவிட்டாள். உன் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். எனக்கும் நல்லதாகப் போயிற்று என்று இருந்தது. பீரோவைத் திறந்து என் புடவைகளை எடுத்துச் சூட்கேஸில் அடுக்கினேன்.

ராத்திரி சாப்பாட்டு நேரம் ஆனது. அவர் பால்கனியை விட்டு நகரவில்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்ன இருந்தாலும் பசி பசிதானே. பெட்டியிடம் சொன்னேன்: "அந்த மனுஷன்கிட்ட சொல்லு. சாப்பாடு ஆறி ஐஸாயிடுச்சு. வேணும்னா வந்து கொட்டிக்கட்டும். வேணாம்னா அவரு கிரேன் மேலயே ஏறி உக்காந்துக்கட்டும், நான் ஒண்ணும் கூடையில வெச்சு மேல அனுப்ப மாட்டேன்."

ஹாலில் இருந்த டப்பா ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தது. கிரேன், கூடை, எல்லாம். எனக்கே கேட்கக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

பால்கனியிலிருந்து சிரிப்பு கேட்டது. உன் அப்பா சிரித்து நீ கேட்டிருக்கிறாயே, தொண்டையில் லாரி கிளப்புவது போல, அந்தச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றார். கண்ணெல்லாம் தண்ணீர். நேரே என்னைப் பார்த்துச் சொன்னார், ஃபிரிட்ஜைப் பார்த்து இல்லை.

"இதுதான் நீ."

நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். அவரே பேசினார். "கொஞ்ச நாளா நீ ரொம்ப மரியாதையா பேசினியா, எனக்குப் பயம் வந்துடுச்சு. நீ எப்ப என்கிட்ட மரியாதையா பேசியிருக்க? சரி, இவ கிளம்பறதுன்னு முடிவு பண்ணிட்டா, அதான் போற நேரத்துல சண்டை வேணாம்னு பதமா பேசறான்னு நெனச்சேன்."

நினைத்துப் பாரடி. அந்த டப்பா என்னைக் குயிலாக்கி அவருக்குக் காட்டியிருக்கிறது, மனுஷன் பயந்து செத்திருக்கிறார். அதனால்தான் குப்பையைக் கொண்டுபோவதும், முகத்தை முகத்தைப் பார்ப்பதும்.

"கிளம்பத்தான் போறேன். பெட்டி கட்டியாச்சு" என்றேன். எனக்கும் ஃபிரிட்ஜைப் பார்க்க மறந்துவிட்டது.

"பார்த்தேன்" என்றார். கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே நின்றார். அப்புறம், "போகாத" என்றார்.

என்னால் விட முடியவில்லை. இரண்டு வருஷமாகத் தொண்டையில் நிற்கிற கேள்வியைக் கேட்டுவிட்டேன். லீவு போட்டுவிட்டுத் துறைமுகக் கேன்டீனில் உட்கார்ந்திருந்தீர்களே, பெற்ற பெண்ணை வழியனுப்ப வரவில்லையே, ஏன் என்று.

"வந்திருந்தா இதே வார்த்தையைத்தான் அவகிட்டயும் சொல்லியிருப்பேன். நான் சொன்னா அவ நின்னுடுவா" என்றார்.

அவ்வளவுதான். சாப்பாட்டைச் சுட வைத்தேன், சாப்பிட்டோம். குழம்பில் உப்புக் குறைச்சல் என்று நேரிலேயே குறை சொன்னார்.

குடையைப் பற்றி நான் உன்னிடம் கோபமாகக் கேட்டிருந்தேன். அதற்கு நானே பதில் கண்டுபிடித்துவிட்டேன். உன் அப்பாவின் சின்னவனுக்குக் கை இல்லை, கால் இல்லை. அது எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கட்டும். வேலைச் சட்டையோடு பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றது மனுஷன். அந்தத் தோளை டப்பாவா நனைத்தது? ராத்திரி பூரா தும்முவாள் என்றுதான் சொன்னாராம். நான் தும்முவது தெரிகிறது என்றால் அடுத்த அறையில் முழித்துக் கிடந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? நீ சர்க்கரை தடவாத சொல்லைச் சொன்னதே நல்லதாகப் போயிற்று. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

இனி உன் மேலிடத்துக்குச் சொல். இரண்டு பேரிடமும் கேட்டுத்தான் எழுதுகிறேன். உன் அப்பா ஒரே பிடியாக இருக்கிறார். கிரேனில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது, கீழே நிற்கிறவன் காட்டுகிற கையைத்தான் நம்பித் தூக்குகிறான், அந்தக் கை நல்லெண்ணத்தில் மாற்றிக் காட்டினாலும் ஆள் நசுங்கித்தான் போவான் என்கிறார். எனக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. நாங்களும் மருந்தை மாற்றிக் கொடுக்கிறோம், கொடுக்காமல் முடியாது. ஆனால் மாற்றினால் மாற்றினேன் என்று கவர் மேல் எழுதி ஒட்டுவோம். வாங்குகிறவர் படித்துவிட்டு வேண்டாம் என்றால் திருப்பி வாங்கிக்கொள்வோம். டப்பாவும் அப்படிச் சொல்லட்டும். "இதை நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், அவங்க சொன்னது வேற" என்று சொல்லிவிட்டுச் சொல்லட்டும். இந்த ஒரு வரி இல்லாமல் ஒரு வீட்டுக்கும் அனுப்பக் கூடாது என்று உன் அம்மா சொன்னாள் என்று சொல். காரணம் கேட்டால் அழாதே, உன் அப்பா பயந்த கதையைச் சொல்.

சித்தி வீட்டு மாடி அறை பெயின்ட் அடித்து அழகாக இருக்கிறதாம். நீ லீவில் வந்தால் அங்கே போய் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம். உன் அறையை உன் அப்பா காலி செய்துவிட்டார். இனி அது உன் அறைதான்.

அவர் இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுதுவதை எட்டி எட்டிப் பார்க்கிறார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். "நல்லா சாப்பிடறாளான்னு கேட்டு எழுது" என்கிறார். நான் எதற்கு நடுவில்? பேனாவை அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அம்மா

நல்லா சாப்பிடறியா? அங்க குளிரும்னு சொல்றாங்க. காதை மூடிக்கோ. வேலை இருந்தா இரு, முடிஞ்சதும் வா.

இது நானே சொல்றது.

அப்பா